கோயிலுக்குப் பின்னால ஆறு பாத்தி

எனக்கு எழுத்து ஒழுங்கா வராது. அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன், அதுவும் எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்துல. பெருமழை பெய்ஞ்சா பள்ளிக்கூடம் கிடையாது, அங்க பெருமழை பெய்யாத நாள் கொஞ்சம்தான். அதனால எழுத்து விட்டுப்போகும், பின்னால நடந்தது முன்னால வந்துரும். ஞாபகமும் இப்ப சரியா இல்ல. வாசிக்கிறவங்க பொறுத்துக்கிடணும். இதையே வாயால சொல்லுன்னா எனக்கு ஒரு வார்த்தை வராது. தாள்ல எழுதினா யாரும் என் முகத்தைப் பார்க்கப் போறதில்ல.

நான் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுல பிறந்தேன். கல்யாணம், பிள்ளை, கொழுந்து பறிப்பு எல்லாம் அங்கதான். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் அங்கதான். எஸ்டேட்டை மூடி, வேலை நின்னு எல்லாரும் மலையை விட்டு இறங்கினப்போ நானும் இறங்கி, பாளையங்கோட்டைக்கு வெளியே மகள் வீட்டுக்கு வந்தேன். வாடகை வீடு. முன்னால சிமெண்டுத் தரை, பின்னால அடுத்த வீட்டுச் சுவர். மகள் ஜவுளிக்கடை வேலைக்குப் போயிருவா, மருமகன் லோடு ஆட்டோவை எடுத்துட்டுப் போயிருவார். நான் சாயங்காலம் வரைக்கும் என் கையைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். குறை சொல்லல. சோறு இருக்கு, கட்டில் இருக்கு, ஃபேன் இருக்கு. ஆனா பதினாறு வயசுலேருந்து ஒரு பகல்கூட நான் வெறுங்கையா இருந்ததில்ல. மலையில வரிசையாக் கட்டின லயன் வீட்டுக்குப் பின்னால ஆளுக்கு ஒரு துண்டு தோட்டம் இருக்கும். கொழுந்தை நிறுத்துப் போட்டுட்டு வந்ததும் அதுலதான் கிடப்போம். பீன்ஸ், முள்ளங்கி, சவ்சவ், கத்திரி. இங்க வந்து பெயிண்டு வாளியில மல்லி போட்டேன். அது ஒரு வாளிதானே. அஞ்சு நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். கடைசி பெஞ்சு. ஆராதனை முடிஞ்சதும் யாராவது பேச்சுக் குடுக்கிறதுக்கு முன்னால வெளியே வந்துருவேன். எல்லாரும் நல்ல மாதிரிதான், எனக்குத்தான் கூச்சம். கூட்டம் கலையுற வரைக்கும் கோயிலுக்குப் பின்னால, கை கழுவுற குழாய்ப் பக்கம் போய் நிப்பேன். அங்கதான் அந்த ஆறு பாத்தியைப் பார்த்தேன்.

செங்கல் வச்சு முழங்கால் உயரத்துக்குக் கட்டி, உள்ளே மண்ணு போட்ட பாத்தி. முன்னால இருந்த ஒரு ஐயர் கட்டினதாம். எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். அவருக்கு மாற்றல் வந்து போனதும் தண்ணி ஊத்த ஆளில்ல. நான் பார்க்கும்போது நெருஞ்சியும் சாரணையும் காஞ்சு கிடந்தது. வெள்ளையடிச்சப்போ உதிர்ந்த சுண்ணாம்புக் கட்டி, உடைஞ்ச டியூப் லைட்டு, பண்டிகைக்கு வாங்கின பேப்பர் கப்பு, எல்லாம் அதுக்குள்ளதான். மண்ணு வெயில்ல சுருங்கி செங்கலை விட்டு விலகி நின்னுது. அந்த இடுக்குல என் கை முழுசா உள்ளே போச்சு. குழாய்லேருந்து ஒரு கப்புத் தண்ணி பிடிச்சு ஊத்திப் பார்த்தேன். மண்ணு நனையவே இல்ல. தண்ணி மேலாக உருண்டு ஓடி, இடுக்கு வழியா இறங்கி, அடியில வெளியே வந்துது. இவ்வளவு தாகத்துல இருக்கிற மண்ணுக்குத் தண்ணி குடிக்கக்கூட மறந்து போயிருக்கேன்னு நினைச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு ஞாயிறு, கமிட்டிச் செக்ரட்டரி அறிவிப்பு வாசிச்சார். பின்னால இருக்கிற பாத்திகளை இடிச்சுட்டு, கார் நிறுத்த பேவர் கல்லுப் பதிக்கிறதா முடிவு பண்ணியிருக்குன்னு. யாருக்கும் அதுல குறையில்ல, குப்பை கிடக்கிற இடம். எனக்கு மட்டும் அதை விட மனசில்ல. இந்த ஊர்ல எனக்குக் கை வைக்கத் தோதா ஒரு மண்ணு உண்டுன்னா அது அதுதான். அது போச்சுன்னா எனக்கு அந்தக் கட்டிலும் ஃபேனும்தான்.

ஐயரைப் பார்த்துக் கேட்க மூணு வாரம் அவர் அறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாவது வாரம் அவரே வெளியே வந்துட்டார். கேட்டேன். என்ன கேட்டேன்னு எனக்கே ஞாபகமில்ல, கத்திரிக்காய்னு ஒரு வார்த்தை அதுல இருந்திருக்கணும். ஐயர் சின்ன வயசு, சிரிச்ச முகம். செக்ரட்டரியைக் கூப்பிட்டார். செக்ரட்டரி அண்ணாச்சி பள்ளிக்கூடத்துல வேலை பார்த்து ஓய்வு வாங்கினவர், எதையும் ஒரு கணக்கா முடிக்கிறவர். தையில அசனம் வருது, அதுவரைக்கும் கல்லுப் போட வேண்டாம், அசனத்துச் சாம்பாருக்குக் கத்திரிக்காய் இந்தப் பாத்தியிலேருந்து வந்தா பாத்தி இருக்கட்டும், இல்லன்னா இடிச்சுரலாம்னு சொன்னார். அசனம்னா சபையார் எல்லாரும் வருஷத்துக்கு ஒருக்க கோயில் வளவுல சேர்ந்து சமைச்சுச் சேர்ந்து சாப்பிடுறது. அன்னைக்குச் சாம்பார் வைக்கிற அண்டாவுக்குள்ள ரெண்டு ஆள் நிக்கலாம். அது எனக்கு அப்ப தெரியாது. சரின்னு தலையை ஆட்டிட்டேன்.

அது வைகாசிப் பாதி. மறுநாளே மம்பட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

குப்பையைப் பொறுக்கவே ஒரு வாரம். அப்புறம் கட்டியை உடைச்சேன், ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் கலந்தேன். மலையில எப்படிச் செய்வோமோ அப்படியே செஞ்சேன். அங்க பாத்தியை ஆமை முதுகு மாதிரி உசரமாக் கூட்டி வைக்கணும், சுத்திலும் வாய்க்கால் வெட்டித் தண்ணியை வெளியே ஓட்டணும். இல்லன்னா வேர் அழுகிப் போகும். இங்கேயும் செங்கலுக்கு மேல ரெண்டு சாண் மண்ணைக் கூட்டினேன். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவுல அழகா வாய்க்கால் வெட்டி மதில் பக்கம் கொண்டுபோய் விட்டேன். ஆனி பிறந்ததும் விதை போட்டேன், வாங்கின கத்திரி நாத்தும் நட்டேன். ஆனியிலதான மலையில மழை பிடிக்கும்.

மணி அடிச்சு, கோயிலைப் பெருக்கி, விளக்குப் போடுறவரைக் கோயில்குட்டியார்னு சொல்லுவோம். அவருக்கு என்னைவிட ரெண்டு மூணு வயசு கம்மியிருக்கும். வாயி சும்மா இருக்காது. விளக்குமாத்தோட வந்து நின்னு ஆறு மேட்டையும் பார்த்தார்.

"எக்கா, யாரை அடக்கம் பண்ணியிருக்கிய? ஆறு பேரையா? ஐயருக்குத் தெரியுமா?"

கோயிலுக்குப் பின்னால இப்படிப் பேசலாமான்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிட்டேன். ஆனா பார்த்தா அப்படித்தான் இருந்துது.

ஆனி, ஆடி ரெண்டு மாசமும் நான் மேற்கேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். மத்தியானம் தாண்டினா மலை கறுத்துரும். மேகம் அப்படியே இறங்கி உட்காரும். எனக்கு அந்தக் கறுப்பு நல்லாத் தெரியும். அதுக்குள்ளேயே அறுபது வருஷம் இருந்தவ நான். இன்னைக்கு மழை வந்துரும், செடி மேல நானும் ஊத்தினா அழுகிரும்னு, குடத்தைக் கவுத்தி வச்சுட்டு வீட்டுக்கு வந்துருவேன். கோயில்குட்டியார் பார்த்துட்டுச் சொன்னார், அது அங்கனயே நிக்கும், இங்கன வராது, அங்க பெய்யுத மழைக்கு இங்க காத்து மட்டும்தான் மிச்சம்னு. மழையைப் பத்தி எனக்கு இவர் சொல்லுதாரேன்னு நான் காதுல வாங்கல.

காத்துதான் வந்துது. என்ன காத்து. புழுதியை அள்ளி வந்து, கூட்டி வச்ச முதுகைச் சீவிச் சீவி எடுத்துட்டுப் போச்சு. உசரமா இருந்ததுனால நாலு பக்கமும் வெயில். பீன்ஸ் முளைச்சு ரெண்டு இலை விட்டுக் கருகுச்சு. கத்திரி நாத்து காலையில நிக்கும், சாயங்காலம் படுத்துரும், ஒரு நாள் எந்திரிக்கல. பதறிப்போய்க் குடம் குடமாத் தூக்கி ஊத்தினேன். ஊத்தினது பூராவும் முதுகுல வழுக்கி, நான் வெட்டின வாய்க்கால்ல இறங்கி ஓடிப் போச்சு. என் கையாலேயே தண்ணியை விரட்டுறதுக்கு வழி செஞ்சு வச்சிருக்கேன்.

அந்த வாரம் மருமகன் ஆட்டோவுல ஜங்ஷன் பக்கம் போக வேண்டியிருந்துது. ஆத்துப் பாலத்துல வண்டி நின்னப்போ கீழே பார்த்தேன். தாமிரபரணி ரெண்டு கரையும் தொட்டுச் செந்தண்ணியாப் போகுது. இங்க ஒரு தூத்தல் இல்ல. நான் காத்திருந்த மழை பூராவும் எனக்குக் கீழே ஓடிக்கிட்டிருக்கு.

ஆவணியில பாத்தியில பச்சைன்னு ஒண்ணும் கிடையாது. செக்ரட்டரி அண்ணாச்சி வந்து பார்த்தார். ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். போதும்மா, வெயில்ல விழுந்து கிடக்காதிய, வயசு காலத்துல இதெல்லாம் எதுக்குன்னு இரக்கமாச் சொன்னார். மகளும் அதையேதான் சொன்னா. ராத்திரி முட்டி வலிக்குன்னு அனத்துத, காலையில மம்பட்டியைத் தூக்குத, ஒன்னை யாரு கேட்டான்னு. ரெண்டு நாள் நான் போகல. மூணாம் நாள் மம்பட்டியை எடுத்து வரலாம்னு போனேன். எடுத்து வரத்தான் போனேன், அது சத்தியம்.

குனிஞ்சு எடுக்கும்போது வாய்க்காலைப் பார்த்தேன். மதிலுக்குப் பக்கத்துல, வாய்க்கால் கடைசியில, ஒரு முழ நீளத்துக்குத் தண்டுக்கீரை நின்னுது. நான் விதைக்கல. எப்பவோ உதிர்ந்த விதை. கொழுகொழுன்னு, கருகாம, நடுப் பகல்லேயும் தலை சாயாம நின்னுது. உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தேன். விரல் நனைஞ்சுது. மேல காத்து பிச்சு எடுக்குது, அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு இலை ஆடல. சருகு வந்து விழுந்து மூடியிருக்கு. கை கழுவுற தண்ணியும் நான் ஊத்தி வழிஞ்ச தண்ணியும் அங்கதான் வந்து நின்னிருக்கு.

அரை மணி நேரம் அதுக்குப் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். நான் மலையை இங்க கொண்டுவந்து வச்சுட்டு மழையை எதிர்பார்த்திருக்கேன். இங்க பாத்தி பள்ளமா இருக்கணும். அது எனக்குத் தெரியாம இருந்ததுக்கு வெட்கமா இருந்துது. அறுபது வருஷம் தண்ணியைத் துரத்தியே பழகினவளுக்கு, தண்ணியைப் பிடிச்சு வைக்கணும்னு தோணவே இல்ல.

மம்பட்டியை எடுத்தேன். வீட்டுக்குப் போகல. முதல் பாத்தியில ஏறி, கூட்டின முதுகை வெட்டி வெளியே தள்ள ஆரம்பிச்சேன். செங்கல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வர்ற வரைக்கும் தோண்டணும். கோயில்குட்டியார் மணி அடிச்சுட்டு வந்தவர் பார்த்தார்.

"என்னக்கா, அடக்கம் பண்ணினவங்களை எழுப்புதியளோ?"

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்துட்டுது. ஆமா, எழுப்பத்தான் போறேன்னு சொன்னேன். அவர்கிட்ட நான் முதல்ல பேசின வார்த்தை அதுதான்னு நினைக்கேன். அவரும் சட்டையைக் கழட்டி மதில்ல போட்டுட்டு, ரெண்டு பாத்தியைத் தோண்டிக் குடுத்தார். பண்டிகைப் பந்தலுக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய தென்னங்கீத்துக் கிடுகைக் கொண்டுவந்து மேற்கே காத்துக்கு மறைப்புக் கட்டினதும் அவர்தான்.

அடி மண்ணைத் தண்ணி குடிக்கப் பழக்கணும். ஒரேயடியா ஊத்தாம, ஒரு செம்பு ஊத்திட்டு அடுத்த பாத்திக்குப் போய், ஆறு பாத்தியும் சுத்தி வந்து மறுபடி ஒரு செம்பு. பைய பைய. நாலு நாள்ல இடுக்கு மூடி மண்ணு செங்கலோட ஒட்டிக்கிட்டுது. மருமகன் முக்கூடல் பக்கத்துக்கு வாழைத்தார் ஏத்தப் போவார். திரும்பி வரும்போது வாழைச் சருகும் துண்டு போட்ட வாழைத்தண்டும் ரெண்டு சாக்கு கொண்டு வாங்கன்னு கேட்டேன். வேற எதுவும் அவர்கிட்ட நான் கேட்டதில்ல, அதனால நாலு சாக்காக் கொண்டு வந்தார். தண்டை அடியில புதைச்சேன், சருகை மேல மூடினேன். ஐயர் குழாய்த் தண்ணியைப் பாத்திப் பக்கம் திருப்பிக் குடுத்தார். புரட்டாசியில பெயிண்டு வாளியில நாத்துப் போட்டு, ஐப்பசியில நட்டேன். ஆறு பாத்திக்கும் கத்திரி மட்டும்தான். வேற ஆசையெல்லாம் அப்புறம்.

செடி பிடிச்சு, கணுவுக்குக் கணு பூ வைக்கிற நேரம், கார்த்திகையில இங்கத்த மழை வந்துது. இது எனக்குத் தெரியாத மழை. மலையில நாள் பூராவும் ஊறும். இது ரெண்டே நாள்ல மொத்தத்தையும் கொட்டிட்டுப் போகுது. விடிஞ்சு போய்ப் பார்த்தா ஆறு பாத்தியும் ஆறு தொட்டி. செடி கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்குது. பள்ளமாக்கினதும் நான்தான், சுத்திச் செங்கல் சுவர் வேற. ஆனா தேங்கின தண்ணியை வெளியேத்துறதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கோயில்குட்டியார் அறையிலேருந்து கடப்பாரையை எடுத்தேன், ஒவ்வொரு பாத்தியிலும் அடிச் செங்கல்ல ஒண்ணைப் பேர்த்தேன். முக்காடு நனைஞ்சு கண்ணை மறைக்குது. நாலாவது பாத்தியில செங்கல் வராம மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கும்போது செக்ரட்டரி அண்ணாச்சி குடையோட நிக்கார். கோயில் கூரை ஒழுகுதான்னு பார்க்க வந்தவர்.

"எம்மா, கட்டின சுவரை உடைக்கச் சொல்லி யாரு சொன்னா ஒங்களுக்கு?"

முதல் மூணு பாத்தியைக் கையால காட்டினேன். ஓட்டை வழியாத் தண்ணி போய்க்கிட்டிருந்துது, செடி ஒண்ணொண்ணா வெளியே வந்துக்கிட்டிருந்துது. அவர் குனிஞ்சு ஓட்டையைப் பார்த்தார். குடையைத் திருப்பிக்கிட்டுக் கூரையைப் பார்க்கப் போயிட்டார். நான் மிச்ச மூணையும் பேர்த்தேன். மழை வெறிச்சதும் பழைய துணியைச் சுருட்டி ஓட்டைக்கு அடைப்பு வச்சேன். வேணும்போது திறக்கலாம், வேணாம்னா மூடலாம்.

தையில அசனம். முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், கோயில் வளவுல பொம்பளைங்க எல்லாரும் அரிவாள்மணையைப் போட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தோம். விடியக் காலையிலேருந்து நான் பறிச்சது ரெண்டு கடவம். பனையோலைப் பெட்டி, பெருசுதான். வயலட்டுக் காய், பளபளன்னு, ஒண்ணுலகூடப் புழு இல்ல. தூக்கிட்டு வந்து வைக்கும்போது பெருமையாத்தான் இருந்துது. வச்ச பிறகுதான் பக்கத்துல பார்த்தேன். மார்க்கெட்டிலேருந்து செக்ரட்டரி அண்ணாச்சி எறக்கி வச்சிருந்த கத்திரிக்காய் மூட்டை என் இடுப்பு உயரத்துக்கு நிக்குது, ஒண்ணு ரெண்டில்ல. அந்த அண்டாவையும் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

செக்ரட்டரி அண்ணாச்சி குனிஞ்சு ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஐயரும் வந்தார். காய் நல்லாத்தான் இருக்கு, ஆனா சாம்பாருக்கு இங்கேருந்து வரணும்னுதானே பேச்சு, இது ஒரு பந்திக்குக்கூடக் காணாதேன்னு அண்ணாச்சி சொன்னார். நறுக்கிக்கிட்டிருந்த கை எல்லாம் நின்னுது. அம்பது பேர் என் முகத்தைப் பார்க்காங்க. என் வாழ்க்கையில அப்படி ஒரு இடத்துல நான் வாயைத் திறந்ததில்ல. கங்காணி கேட்டாக்கூடப் பக்கத்துல உள்ளவதான் எனக்காகப் பதில் சொல்லுவா. எந்திரிச்சு நிக்க முட்டி வரல, உட்கார்ந்துக்கிட்டேதான் சொன்னேன்.

"காணாதுதான் அண்ணாச்சி. ஆனி ஆடி ரெண்டு மாசமும் நான் தப்பாச் செஞ்சேன். இந்த மண்ணு தெரியாம, மலைன்னு நினைச்சுச் செஞ்சுட்டேன். சரியாச் செஞ்சது புரட்டாசிக்கு அப்புறம்தான். அதுல ரெண்டு கடவம் வந்திருக்கு. எனக்கு ஒரு வருஷம் முழுசாத் தாங்க. அடுத்த அசனத்துக்கும் காணலன்னா நானே கடப்பாரையை எடுத்து இடிச்சுத் தாரேன். இடிக்க எனக்குத் தெரியும், நீங்கதான் பார்த்திருக்கியளே."

கோயில்குட்டியார்தான் முதல்ல சிரிச்சார். அப்புறம் பொம்பளைங்க. செக்ரட்டரி அண்ணாச்சிக்குச் சிரிக்காம இருக்கிறது கஷ்டமா இருந்துதுன்னு அவர் மீசையில தெரிஞ்சுது. கல்லுக்குச் சொல்லியாச்சே, மாசியில வந்து இறங்கிருமேன்னு ஐயரைப் பார்த்தார். கல்லு வரட்டும், பாத்தி போக மிச்சமுள்ள இடத்துல பதிப்போம், கார் கொஞ்சம் நெருங்கி நிக்கட்டும்னு ஐயர் சொன்னார். ஒரு வருஷம்தான், அடுத்த அசனம் வரைக்கும்னு அண்ணாச்சி விரலை நீட்டிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, மார்க்கெட்டுக் காயையும் சேர்த்து நறுக்க ஆரம்பிச்சேன்.

மாசியில கல்லு வந்துது. பாத்திச் சுவரை ஒட்டிப் பதிச்சுட்டாங்க. பதிச்ச பிறகுதான் தெரியுது, அந்தக் கல்லு பகல் பூராவும் வெயிலைக் குடிச்சு வச்சுக்கிட்டுச் சாயங்காலம் செடி மேல ஊதுது. செருப்பில்லாம கால் வைக்க முடியாது. இப்போ பங்குனி. செங்கல் ஓரமா உள்ள செடியெல்லாம் இலை மடங்கி நிக்கு. நான் விடப் போறதில்ல. சுவருக்கு வெளிப்பக்கம் ஈரச் சாக்கைத் தொங்கப் போட்டிருக்கேன். மேற்கு ஓரத்துல அகத்தி விதை ஊனியிருக்கேன், அது தலை தூக்கினா நிழல் தரும். அதுவரைக்கும் கிடுகு. காலையில ஆறு மணிக்கு ஒரு சுத்து, வெயில் தாழ ஒரு சுத்து, ஒவ்வொரு செம்பாத்தான் ஊத்துதேன். சித்திரையைத் தாண்டணும். காத்து மாசம் வர்றதுக்குள்ள அகத்தி இடுப்பு உயரம் வந்துட்டா, அப்புறம் நான் பார்த்துக்கிடுவேன். மேற்கே மலை கறுத்தாலும் குடத்தைக் கவுத்த மாட்டேன்.

இதுல உள்ளதெல்லாம் நான் ஞாபகத்துல எழுதினது. பாத்தியைக் கட்டின ஐயர் இப்ப இருக்கிறவருக்கு எத்தனை ஐயருக்கு முந்தி இருந்தவர்னு எனக்குத் தெரியாது. கிடுகு கட்டினது ஆவணியா புரட்டாசியான்னு குழப்பமா இருக்கு. கல்லுப் பதிச்சது மாசிக் கடைசின்னு மகள் சொல்லுதா, நான் மாசிப் பிறப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். கோயில்குட்டியாரையும் செக்ரட்டரி அண்ணாச்சியையும் யாராவது ஒருக்கக் கேட்டுப் பார்த்து, தப்பா இருக்கிற இடத்தைத் திருத்திருங்க. நானே போய்க் கேட்கலாம்தான். ஆனா இப்படி ஒண்ணு எழுதியிருக்கேன்னு அவங்ககிட்ட இன்னும் சொல்லல.